மண்டபத்து மணலில் புதைந்த பழுது: ஒரு கேபிள் சோதனைச் சேவை குறித்து

மண்டபத்துக்கு அருகிலுள்ள ஐஸ் கம்பெனி ஒன்றில் மின் பராமரிப்பு என் பொறுப்பு. சென்ற ஆடியில், மின்சாரம் தரைக்குக் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் எர்த் ஃபால்ட் ரிலே இயங்கி எங்கள் 11 கிலோவோல்ட் கேபிள் இணைப்பு நின்றுபோனது. காப்பின் மின்தடையை அளக்கும் மெக்கர் வைத்துப் பார்த்ததில் இரண்டு ஃபேஸ்கள் கிகா ஓம் கணக்கில் நிற்க, சிவப்பு ஃபேஸ் மட்டும் 2 மெகா ஓமுக்கு இறங்கியிருந்தது. பழுது உண்டு என்று மெக்கர் சொல்லும். எங்கே என்று சொல்லாது. மணலில் புதைந்த 410 மீட்டர் கேபிளையும் தோண்டிப் பார்க்க முடியாது என்பதால், மதுரையிலிருந்து கேபிள் சோதனை வண்டி ஒன்றை வரவழைத்தோம்.

வந்தவர் இயந்திரத்தைத் தொடும் முன் கேபிளின் நீளம், வகை, ஜாயிண்டுகளின் (கேபிள் துண்டுகளை இணைத்த இடங்களின்) எண்ணிக்கை ஆகியவற்றைக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. எங்களிடம் வரைபடம் இல்லை. "ரெண்டாவது பனையைத் தாண்டித்தான் போகும்" என்ற பழைய வாட்ச்மேனின் நினைவு மட்டுமே இருந்தது.

கேபிளில் ஒரு மின் துடிப்பை அனுப்பி, பழுதில் பட்டு அது திரும்பும் நேரத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுவார்கள். ஆனால் மின்தடை இன்னும் அதிகமாக உள்ள இத்தகைய பழுதைக் குறைந்த மின்னழுத்தத் துடிப்பு காணாமலே கடந்து மறுமுனைக்குப் போய்விடும். ஆகவே உயர் மின்னழுத்த அதிர்வை அனுப்பும் சர்ஜ் ஜெனரேட்டரால் பழுதான இடத்தில் தீப்பொறியை உண்டாக்கி, அது எரியும் கணத்திலேயே துடிப்பை அனுப்பும் முறையை அவர் கையாண்டார். எதிரொலி 3.4 மைக்ரோ நொடியில் திரும்பியது. எக்ஸ்.எல்.பி.இ. என்ற பிளாஸ்டிக் காப்புள்ள எங்களுடையது போன்ற கேபிளில் துடிப்பு மைக்ரோ நொடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர் ஓடும் என்பதால், போய்வந்த தூரத்தைப் பாதியாக்கினால் 289 மீட்டர். அது கேபிளின் நீளமே தவிரத் தரையின் நீளமன்று; இடையில் உபரிச் சுருள் புதைந்திருந்தால் கணக்கு பிசகும்.

சரியான இடத்தை, தீப்பொறி வெடிக்கும் ஓசையைக் கேட்டுக் காது கொண்டுதான் பிடிக்க வேண்டியிருந்தது. உதிரி மணல் ஓசையை விழுங்கிவிடுகிறது. பகலில் கச்சான் காற்றும் எங்கள் ஐஸ் உடைக்கும் மிஷினும் மிச்சத்தை மறைத்தன. இரவு ஒரு மணிக்கு மிஷினை நிறுத்திய பிறகு, தரை மைக்கை அடி அடியாக நகர்த்தி, ஹெட்போனை என் காதிலும் வைத்தார். மணலுக்கடியில் யாரோ கதவைத் தட்டுவது போலிருந்தது.

தோண்டியதும் பழைய ஜாயிண்ட் ஒன்று வெளிப்பட்டது. மேலுறை சரியாகச் சுருங்காத இடைவெளி வழியே உப்புநீர் இறங்கி, செம்புத் திரை பச்சை பூத்திருந்தது. அதனடியில் மிளகு அளவில் கருகிய துளை. அந்த ஜாயிண்டைப் போட்டவர்கள் வேறு ஒப்பந்தக்காரர்கள்.

புதிய ஜாயிண்ட் போட்டபின் பழைய வழக்கப்படி டி.சி. அழுத்தச் சோதனை செய்யச் சொன்னேன். அவர் மறுத்தார். வயதான எக்ஸ்.எல்.பி.இ. காப்பில் டி.சி. மின்னேற்றத்தைத் தேக்கிவிடுவதால், சோதனையில் தேறிய கேபிளே பிறகு வெடிக்கக்கூடும் என்பது அவர் விளக்கம், அது சரியே. பத்து நொடிக்கு ஒரு சுற்று மட்டுமே மாறும் 0.1 ஹெர்ட்ஸ் ஏ.சி. கொண்டு சோதித்தார். 50 ஹெர்ட்ஸுக்கு வேண்டிய மின்னேற்ற ஓட்டத்தில் 500-இல் ஒரு பங்கே போதுமென்பதால் ஒரு சிறு பெட்டியே அந்த வேலையை முடித்தது. ஒவ்வொரு சோதனைக்குப் பிறகும் கேபிளில் தேங்கிய மின்னேற்றத்தைத் தரைக்கு இறக்கும் எர்த் கோலை வைத்து, நேரம் பார்த்துக் காத்திருந்த பிறகே எங்களை அருகில் விட்டார்.

குறைகளும் உண்டு. காப்பின் பொதுவான முதுமையைக் காட்டும் டான் டெல்டா அளவீட்டுக்குத் தனிக் கட்டணம் என்பதை வேலை முடிந்தபின்தான் சொன்னார்கள். அறிக்கை 12 நாள் கழித்து வந்தது. வண்டி மணலில் புதைந்து, டிராக்டர் வைத்து இழுத்த செலவும் எங்கள் தலையில் விழுந்தது. இந்தப் பக்கம் இவர்களை அழைப்பவர்கள் கட்டணத்தை முன்கூட்டியே எழுதி வாங்குவதோடு, சக்கரத்துக்கடியில் போட நாலு பலகையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.