டிக்கெட்டோடு வந்த இரண்டு டன்: கார்பன் கிரெடிட் வாங்கிப் பார்த்தேன்

விமான டிக்கெட் போடும்போது பணம் கட்டும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் வருமே, உங்கள் பயணத்தின் கார்பனை ஈடுகட்டுங்கள் என்று, அதைப் பல வருஷமாகப் பார்க்காத மாதிரி தாண்டிப் போன ஆள் நான். போன தடவை என்னமோ டிக் பண்ணிவிட்டேன். இரண்டு டன். விற்ற தளத்தின் பெயர் வேண்டாம், இந்தப் பொருளை எங்கே வாங்கினாலும் கதை கிட்டத்தட்ட இதேதான்.

கைக்கு வந்தது ஒரு பிடிஎஃப். மேலே மூடுபனியோடு காடு, நடுவில் என் பெயர், கீழே நீளமான ஒரு வரிசை எண். பார்க்க அழகாகத்தான் இருந்தது. படத்தில் மனுஷ நடமாட்டமே இல்லை என்பது அப்போது கண்ணில் படவில்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசை எண் நிஜம். விற்கிற கிரெடிட்டையெல்லாம் எண் போட்டு எழுதி வைக்கும் பதிவேட்டை யார் வேண்டுமானாலும் இணையத்தில் திறக்கலாம். எண்ணைப் போட்டால் எந்தத் திட்டம், எந்த வருஷத்துக் கிரெடிட், யார் பெயரில் கணக்கு முடிக்கப்பட்டது என்று வருகிறது. ஒரு கிரெடிட் என்றால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடைக் காற்றில் சேராமல் தடுத்ததாகவோ காற்றிலிருந்து எடுத்ததாகவோ ஒரு கணக்கு, ஒருமுறை கணக்கு முடித்தால் அதையே இன்னொருவருக்கு விற்க முடியாது. இந்த இடம் சுத்தம்.

அதோடு நிறுத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். பதிவேட்டிலேயே திட்ட ஆவணமும் கிடைக்கிறது, இருநூறு பக்கத்துக்கு மேல். சனிக்கிழமை வேறு வேலை இல்லை, உட்கார்ந்து படித்தேன்.

நான் வாங்கியது காடழிப்பைத் தடுக்கும் ரகம். இதில் புதிதாக மரம் நடுவதில்லை. திட்டம் வராமல் இருந்தால் இவ்வளவு காடு அழிந்திருக்கும் என்று முதலில் ஒரு மதிப்பீடு போடுவார்கள், பேஸ்லைன் என்று அதற்குப் பெயர். நிஜத்தில் அழிந்தது அதைவிடக் குறைவு என்றால், அந்த வித்தியாசம் கிரெடிட்டாகிவிடும். அதாவது நடக்காமல் போன ஒன்றை எடைபோட்டு விற்கிறார்கள். பேஸ்லைனை ஊதிவிட்டால் சரக்கும் ஊதிக்கொள்ளும். 2023 ஜனவரியில் கார்டியன் உள்ளிட்ட பத்திரிகைகள், இந்தச் சந்தையின் பெரிய தரச்சான்று அமைப்பான வெராவின் மழைக்காட்டுக் கிரெடிட்டுகளில் 90 சதவீதத்துக்கு மேல் நிஜமான குறைப்பு எதையும் காட்டவில்லை என்று எழுதின. வெரா அதை மறுத்தது. அந்தச் சண்டை ஒரு பக்கம் இருக்கட்டும், என்னை நிறுத்தியது வேறொரு பக்கம்.

காடு அழிந்திருக்கும் என்றால் யாரோ அழித்திருக்க வேண்டுமே? அதற்கு ஒரு அட்டவணை போட்டிருக்கிறார்கள். முதல் வரி: இடம் மாற்றிப் பயிர் செய்யும் உள்ளூர்க் குடும்பங்கள். இரண்டாவது விறகும் கரியும். மூன்றாவது ஆடுமாடு. சாலை, தோட்டக் கம்பெனி எல்லாம் இரண்டு பத்தி தள்ளி, பட்டும் படாமல். சரி, அப்போ திட்டத்தின் வேலை என்ன? காவலர்களைப் போட்டு அந்த முதல் மூன்று வரியைக் குறைப்பது. நான் பறந்ததற்கு அவர்கள் விறகு பொறுக்குவதைக் குறைத்துக்கொள்கிறார்கள். சான்றிதழில் என் பெயர் இருக்கிறது, அவர்கள் பெயர் இல்லை.

அப்புறம் கலந்தாலோசனை அத்தியாயம். அத்தனை பெரிய ஆவணத்தில் அது மூன்றே பக்கம். வருகைப் பதிவேட்டை ஸ்கேன் பண்ணி ஒட்டியிருக்கிறார்கள், பாதிக்கு மேல் கைநாட்டு. கூட்டம் நடந்த தேதியையும் முதல் பக்கத்தில் இருக்கும் திட்டத் தொடக்கத் தேதியையும் ஒப்பிட்டேன். திட்டம் தொடங்கி ஒரு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் கூட்டமே போட்டிருக்கிறார்கள். கல்யாணம் முடிந்து பத்து மாசம் கழித்துப் பெண்ணிடம் சம்மதம் கேட்ட கதை.

இது என் திட்டத்தோடு நிற்கும் விஷயமாகவும் தெரியவில்லை. கம்போடியாவின் தெற்கு கார்டமம் காட்டுத் திட்டம் 2015இல் தொடங்கியது; அங்கே தலைமுறைகளாக வாழும் சோங் மக்களிடம் பேச ஆரம்பித்தது 31 மாதம் கழித்து என்று மனித உரிமை அமைப்பான ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2024 பிப்ரவரி அறிக்கையில் பதிவு செய்தது. வெளியேற்றமும் கைதும் நடந்ததையும் சேர்த்துத்தான். வெரா 2023 ஜூனில் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்து, 2024 செப்டம்பரில் மறுபடி அனுமதித்தது. வடக்குக் கென்யாவில் மேய்ச்சல் நிலத்து மண்ணில் கார்பன் சேர்ப்பதாகச் சொல்லும் திட்டத்தில் வரும் காப்பகம் ஒன்று, பொதுமக்கள் பங்கேற்பு இல்லாமல் சட்டவிரோதமாக அமைக்கப்பட்டது என்று 2025 ஜனவரியில் அந்நாட்டு நீதிமன்றமே சொல்லிவிட்டது.

முன்கூட்டியே, வற்புறுத்தாமல், எல்லாத் தகவலையும் சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும் என்று ஐநாவின் பூர்வகுடிகள் உரிமைப் பிரகடனம் 2007லேயே சொல்லியிருக்கிறது. என் திட்டத்தின் ஆவணத்தில் அந்த வாக்கியம் அப்படியே இருக்கிறது. தேதிகள்தான் ஒத்துழைக்கவில்லை.

எல்லாமே மோசம் என்று சொல்லிவிட்டுப் போகவும் மனசு வரவில்லை. தான்சானியாவின் யாயேடா பள்ளத்தாக்கில் வேட்டையாடியும் தேன் எடுத்தும் வாழும் ஹட்சா மக்கள் 2011இல் தங்கள் நிலத்துக்கு, வழிவழியாக அனுபவித்து வரும் உரிமையை ஒப்புக்கொள்ளும் பத்திரம் வாங்கினார்கள், கார்பன் விற்பனை அந்தப் பத்திரத்தின் மேல்தான் வந்தது. அதற்குச் சான்று தரும் பிளான் விவோ, வருமானத்தில் குறைந்தது 60 சதவீதம் சமூகத்துக்குப் போக வேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. காவலுக்குப் போவதும் அந்த ஊர் ஆட்கள். இங்கேயும் பேஸ்லைன் கணக்கு இருக்கிறது, அதில் கேள்வியும் கேட்கலாம். ஆனால் நிலம் யாருடையது என்ற கேள்விக்குப் பதில் முதலிலேயே காகிதத்தில் இருக்கிறது, வேண்டாம் என்று சொல்லவும் அவர்களுக்கு ஒரு பிடி இருக்கிறது.

ஆக, ஸ்டார் கொடுக்கச் சொன்னால் பதிவேட்டுக்கு நாலு, நான் வாங்கிய பொருளுக்கு ஒன்று. வாங்கியே தீருவேன் என்பவர்கள் மரப் படத்தைப் பார்க்காமல் நேராகத் திட்ட ஆவணத்தைத் திறந்து, நிலம் யார் பெயரில் இருக்கிறது, கூட்டம் எப்போது நடந்தது, பணத்தில் எத்தனை பங்கு ஊருக்குப் போகிறது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். முதல் இரண்டும் எனக்குக் கிடைத்தன. மூன்றாவது எங்கேயும் இல்லாததால் விற்ற தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மெயில் போட்டேன்.

ஒன்பது நாள் கழித்துப் பதில் வந்தது. பங்கீட்டு விவரம் வணிக ரகசியமாம். கீழே, அடுத்த டன்னுக்குப் பத்து சதவீதத் தள்ளுபடிக் குறியீடு, இந்த மாதக் கடைசி வரை செல்லும்.