மூன்று நட்சத்திரம், நாடாவுக்கு மட்டும்

பைக் வாங்கிய கையோடு பேரன் ஆன்லைனில் இந்தச் சாவிக்கொத்தை ஆர்டர் செய்தான். இரண்டு சேர்த்து 149 ரூபாய். சிவப்புத் துணி, இருபக்கமும் வெள்ளை நூலில் 'ரிமூவ் பிஃபோர் ஃப்ளைட்', அதாவது 'பறக்கும் முன் எடுத்துவிடு'. "தாத்தா, உங்க பழைய ஆபீஸ் சாமான்" என்று ஒன்றை என் கையில் திணித்தான். விமானப்படையில் கிரண் பயிற்சி விமானங்களின் எஜெக்‌ஷன் இருக்கைகளோடு, அதாவது ஆபத்தில் பைலட்டை வெளியே தூக்கி எறிகிற இருக்கைகளோடு, பல வருடம் மல்லுக்கட்டியவன் நான். அதனால் விமர்சனம் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பொருள். தையல் நெருக்கம், எழுத்தில் பிசிறில்லை. பித்தளை வளையம் என்று போட்டிருந்தார்கள். சுரண்டினால் உள்ளே இரும்பு. ஒரே ஒரு மழை. சாயம் இறங்கி என் வெள்ளைச் சட்டைப் பையில் ரோஜாப்பூ பூத்துவிட்டது.

அதைக்கூட மன்னிக்கலாம். நாடா இருக்கிறது, அதில் கோத்திருக்க வேண்டிய 'பின்' என்கிற பூட்டு ஊசி எங்கே? நிஜத்தில் அந்த ஊசிதான் சரக்கு; நாடா அது கண்ணில் படுவதற்காகத் தொங்குகிற வால்.

கிரணில் இருந்தது மார்ட்டின் பேக்கர் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தின் நான்காம் வகை இருக்கை. மின்சாரமே கிடையாது, எல்லாம் ஸ்பிரிங்கும் வெடிமருந்தும்தான். முதுகுப்பக்கம் ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய குழாய்கள். உச்சியில் ஃபயரிங் பின், அதைப் பாயவிடாமல் பிடித்திருக்கும் 'சியர்' என்ற ஆப்பு. கைப்பிடியை இழுத்தால் சியர் உருவிக்கொண்டு வரும். ஃபயரிங் பின் முதல் தோட்டாவைக் குத்தும். வாயு குழாயை மேலே தள்ளும், குழாய் நீள நீள அடுத்த தோட்டாக்களும் பற்றும். எல்லாம் ஒரேயடியாக வெடித்தால் பைலட்டின் முதுகெலும்பு தாங்காது, அதற்காகத்தான் இந்தத் தவணை முறை. இருக்கை கிளம்பும்போதே, விமானத்தோடு மாட்டிய கம்பிகள் இன்னும் இரண்டு சியர்களை உருவிவிடும். ஒன்று சின்னப் பாராசூட்டை வீசும் துப்பாக்கிக்கு, மற்றது பெரிய பாராசூட்டுக்கான நேரக் கருவிக்கு. 10,000 அடிக்கு மேலே இருந்தால் காற்றழுத்தக் கருவி அந்த நேரக் கருவியை ஓடவிடாது. கீழே இறங்கிய பிறகுதான் பெரிய பாராசூட் விரியும்.

இத்தனையையும் தரையில் அடக்கி வைப்பது, துளை வழியே நுழைந்து கைப்பிடியையும் சியரையும் நகரவிடாமல் செய்கிற விரல் நீளப் பின்கள்தான். பைலட் பெல்ட் கட்டிய பிறகு ஒவ்வொன்றாக உருவி, எண்ணி, அவர் கண்ணெதிரே காட்டுவோம். ஒன்று குறைந்தாலும் விமானம் நகராது. இறங்கியதும் முதல் வேலை திரும்பச் செருகுவது.

செருகினால் மட்டும் போதுமா என்றால், இல்லை. 2011 நவம்பரில் இங்கிலாந்தின் ஸ்கேம்ப்டன் தளத்தில், தரையில் நின்ற ஹாக் விமானத்திலிருந்து இருக்கை கிளம்பி, பிரிட்டிஷ் விமானப்படையின் சாகசக் குழுவான ரெட் ஆரோஸின் பைலட் ஒருவர் இறந்தார். அது பத்தாம் வகை இருக்கை. கைப்பிடி தன் இடத்தை விட்டு விலகியிருந்தபோதும் பின் உள்ளே போயிருந்தது, பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் பத்திரம். போதாததற்கு ஒரு போல்ட்டை அளவுக்கு மீறி முறுக்கியிருந்ததால் பெரிய பாராசூட்டும் விரியவில்லை. இருக்கையைத் தயாரித்த நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டு 2018-இல் 11 லட்சம் பவுண்டு அபராதம் கட்டியது. எங்கள் காலத்துக்கும் முன்பிருந்தே, பின்னைச் செருகிய பிறகு கைப்பிடி முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று குனிந்து பார் என்று ஏன் நச்சரித்தார்கள் என்பது அந்தச் செய்தியைப் படித்தபோதுதான் உறைத்தது.

பேரனிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப ஹேண்டில் லாக் போட்டதும் ஆட்டிப் பாக்கணும், அதானே?" என்றான். ஆமாடா, அதேதான்.

மூன்று நட்சத்திரமும் தையலுக்கு. வாங்குகிறவர்கள் சாயம் போக அலசிவிட்டு மாட்டுங்கள்.