ஈயமில்லா பெட்ரோலில் 20 வருடம்: டேப்பெட் அடங்கிப்போன கதை

என்னுடையது வார்ப்பிரும்பு ஹெட் (வால்வுகள் இருக்கும் இன்ஜின் மேல்பகுதி) வைத்த பழைய நாலு சிலிண்டர் கார். ஈயம் கலந்த பெட்ரோல் கிடைக்காமல் போனதிலிருந்து, 20 வருடத்துக்கு மேலாக, ஈயமில்லாததைத்தான் ஊற்றுகிறேன். வால்வு போய்விடும் என்று பயமுறுத்தாத ஆளில்லை. போகத்தான் செய்தது. ஆனால் நான் காத்திருந்த விதத்தில் இல்லை.

முதல் சில வருடம் ஒன்றுமே ஆகவில்லை. ஊருக்குள் மெதுவாக ஓட்டினேன். பழைய ஈயப் படிவும் வால்வு மூடும்போது வந்து அமரும் விளிம்பில், அதாவது சீட்டில், கொஞ்ச நாள் ஒட்டியிருந்திருக்கும். அப்புறம் நெடுஞ்சாலைப் பயணம் அதிகமானது. மணிக்கணக்கில் ஒரே மிதி. ஒரு நாள் டேப்பெட் சத்தம், அதாவது வால்வு இடைவெளியில் எழும் தட்டல், அடங்கியிருந்தது. இன்ஜின் நன்றாகப் பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன், மடையன்.

வழக்கமான தேய்மானத்தில் வால்வுத் தண்டுக்கும் அதை அழுத்தித் திறக்கும் ராக்கருக்கும் நடுவில் உள்ள இடைவெளி கூடும், 'டிக் டிக்' என்று கேட்கும். இது நேர்மாறு. சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் புதையும், அதன் தண்டு ராக்கரை நெருங்கும், சத்தம் அடங்கும். 0.30 மி.மீ. இடைவெளி வைத்திருந்த மூன்றாவது எக்ஸாஸ்ட் (புகை வெளியேறும்) வால்வில், இடைவெளி அளக்கும் 0.10 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடுகூட நுழையவில்லை. இன்லெட் வால்வு நான்கும் அப்படியே இருந்தன. உள்ளே வரும் குளிர்ந்த கலவை அவற்றைக் காப்பாற்றிவிடுகிறது. எக்ஸாஸ்டில்தான், பழுக்கக் காய்ந்த வால்வு மெத்தென்ற இரும்பு சீட்டோடு நுண்ணிய அளவில் பற்றிக்கொண்டு, திறக்கும்போதெல்லாம் துணுக்குத் துணுக்காகப் பிய்த்தெடுக்கிறது. முன்பு நடுவில் ஈயச் சேர்மப் படலம் இருந்தது.

இடையில் பெட்ரோலில் கலக்கும் பாட்டில் மருந்தும் ஊற்றிப் பார்த்தேன். தேய்மானம் குறைந்தது. ஆனால் பயத்தில் வேகத்தையும் குறைத்திருந்தேன், அதனால் மருந்துக்கு நான் சான்றிதழ் தர முடியாது. கடைசியில் ஹெட்டைக் கழற்றி, எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் கடினப்படுத்திய சீட் வளையம் போட்டேன். அதற்குப் பிறகு இடைவெளி அசையவே இல்லை. அலுமினிய ஹெட் என்றால் தனி சீட் வளையம் ஏற்கெனவே இருக்கும். அவசரப்பட்டு மாற்ற வேண்டாம்.

ஏற்றத்தில் நாக்கிங், அதாவது இன்ஜினுக்குள் தட்டுகிற சத்தம், வந்தது. பிளக் தீப்பொறி விடும் டைமிங்கை இரண்டு டிகிரி பின்னுக்குத் தள்ளியதும் நின்றது, இழுவை கொஞ்சம் குறைந்தது. சரி, போகட்டும். ஸ்பார்க் பிளக்கில் சாம்பல் நிறத்தில் பொருக்கு கட்டுவது நின்றுபோனது உண்மையான லாபம்.

பின்னொரு நாள் பெட்ரோல் வாடை அடித்தது. பார்த்தால், கார்புரேட்டருக்குப் போகும் ரப்பர் குழாய் விரல் பட்டாலே பிசுபிசுத்தது. அந்தப் பழியை ஈயமில்லாததன் மேல் போட முடியாது. அது பெட்ரோலில் கலந்து வரும் எத்தனால் பார்த்த வேலை. எத்தனால் தாங்கும் குழாய்க்கு மாற்றிவிட்டேன்.