கிராஃபிக்ஸ் கார்டை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் மாற்றினேன்: ஒரு கேமிங் கம்ப்யூட்டரின் 7 வருடம்

2019 பொங்கலுக்கு முந்தைய வாரம் வாங்கிய கம்ப்யூட்டர் இது. ரைசன் 5 1600 பிராசசர், பி450 மதர்போர்டு, 8 ஜிபி ரேம் ஒன்றே ஒன்று, 1 டிபி ஹார்ட் டிஸ்க், என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 6 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. கார்டுக்கு மட்டும் 21,000 ரூபாய். காலேஜ் ப்ராஜெக்ட்டுக்கு என்று சொல்லித்தான் வீட்டில் காசு வாங்கினேன். உண்மையில் எதற்கு என்பது அம்மாவுக்கு ஒரே வாரத்தில் தெரிந்துவிட்டது.

2021-ல் கேம்கள் திக்கித் திணற ஆரம்பித்தன. கடலூரிலிருந்து பஸ் பிடித்துப் புதுச்சேரிக்குப் போய் ஒரு கடையில் ஆர்டிஎக்ஸ் 3060 என்ற புதுக் கார்டின் விலை கேட்டேன். 58,000 என்றார். அந்தக் கார்டுக்கு என்விடியா அறிவித்த விலை 329 டாலர். அன்றைய டாலர் மதிப்பில் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்தாலும் 29,000-ஐத் தாண்டாது. அதைச் சொன்னதும் கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "டாலர் விலைக்கு வேணும்னா அமெரிக்காவுக்குத்தான் போகணும் தம்பி. நேத்து ரெண்டு வந்துச்சு. ரெண்டையும் மைனிங்குக்குன்னு தூக்கிட்டுப் போயிட்டாங்க."

கொரோனாவால் சிப் தட்டுப்பாடு, போதாக்குறைக்கு எத்தீரியம் மைனிங், அதாவது கார்டுகளை ஓட்டி கிரிப்டோ காசு சம்பாதிப்பது. என் பழைய 1060-ஐயே வாங்கிய விலைக்கு மேல் கேட்டார்கள். நண்பன் ஒருவன் ஆசைப்பட்டு அவனுடையதை 24,000-க்கு விற்றுவிட்டான். அவன் பிராசசரும் என்னுடையதைப் போலத்தான், உள்ளேயே கிராஃபிக்ஸ் கிடையாது. கார்டு இல்லையென்றால் மானிட்டரில் ஒன்றுமே வராது. ஏறத்தாழ ஒரு வருடம் அந்தக் கேபினெட் மேல் துணி காய்ந்தது.

வேறு வழியில்லாமல்தான் கோளாறு எங்கே என்று தேட ஆரம்பித்தேன். சுலபமான சோதனை ஒன்று இருக்கிறது. கேமில் ரெசல்யூஷனை 1080பி-யிலிருந்து 720பி-க்கு இறக்க வேண்டும். எஃப்பிஎஸ் (நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்ற கணக்கு) நன்றாக ஏறினால் கார்டுதான் மூச்சு வாங்குகிறது. ஏறாவிட்டால் கார்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது, பிராசசரோ ரேமோதான் இழுக்கிறது. ஜிடிஏ 5-ல் நகரத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். 1080பி-யில் 62, 720பி-யில் 65. புதுக் கார்டு போட்டிருந்தாலும் அந்தத் தெருவில் அதே திக்கல்தான் இருந்திருக்கும். 58,000 ரூபாய் தண்டமாகியிருக்கும்.

முதலில் ரேம். ஒற்றை ரேமோடு கம்ப்யூட்டர் விற்பது நம் ஊர்க் கடைகளின் பழக்கம், "அப்புறம் இன்னொண்ணு போட்டுக்கலாம்" என்பார்கள். அந்த அப்புறம் எனக்கு வர இரண்டு வருடம் ஆனது. இரண்டு 8 ஜிபி ரேம் ஜோடியாகப் போட்டு, பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை மென்பொருள்) ரேமை முழு வேகத்தில் ஓட விடும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தேன். அதுவரை 2133 வேகத்தில் ஓடியது 3000-க்குப் போனது. முதல் தலைமுறை ரைசனில் ரேம் வேகத்தோடு பிராசசரின் உள் இணைப்பு வேகமும் சேர்ந்து ஏறும். சராசரி எஃப்பிஎஸ் பெரிதாக மாறவில்லை. ஆனால் திடீர் திடீரென்று 30-க்கு விழுவது நின்றது. கண்ணுக்கு உறுத்துவது சராசரி அல்ல, அந்த விழுதல்தான். 2022-ல் எல்டன் ரிங் வந்தபோது குறைந்தபட்சத் தேவையாகக் கேட்ட ரேம் 12 ஜிபி, கார்டு 1060 3 ஜிபி. கார்டு பாஸ், பழைய ரேமாக இருந்தால் ஃபெயில்.

அடுத்து 500 ஜிபி எஸ்எஸ்டி. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, கம்ப்யூட்டர் வாங்கிய அன்றே போட்டிருக்க வேண்டியது.

உப்புக் காற்றைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். எங்கள் வீடு தேவனாம்பட்டினம் போகிற சாலையில். சாயங்காலம் ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று நேராகக் கேபினெட்டுக்குள் போகும். மூன்றாவது வருடத்தில் கேபினெட் ஸ்க்ரூ எல்லாம் துரு. கார்டின் ஹீட்சிங்கில் வெறும் தூசி இல்லை, பிசுபிசுப்பான ஒரு படலம். ப்ளோயர் அடித்தால் அசையாது. கழற்றி, பிரஷ்ஷும் ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் வைத்துத் துடைத்து, சிப்புக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே காய்ந்துபோன பேஸ்ட்டைச் சுரண்டிப் புதிதாகப் போட்டேன். 83 டிகிரியில் நின்று வேகத்தைக் குறைத்துக்கொண்டிருந்த கார்டு 71-க்கு இறங்கியது. செலவு 400 ரூபாய்கூட இல்லை. ப்ளோயர் அடிக்கும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், சுற்ற விட்டால் பேரிங் போய்விடும். நான் கேபினெட் ஃபேன் ஒன்றை அப்படித்தான் கொன்றேன். இப்போது வருடத்துக்கு இரண்டு முறை இந்தச் சடங்கு. ஆயுத பூஜைக்கு ஒன்று, அக்னி நட்சத்திரத்துக்கு முன் ஒன்று.

2022 செப்டம்பரில் எத்தீரியம் மைனிங் ஒரே நாளில் முடிவுக்கு வந்தது. பழைய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன. புதுச்சேரியில் ஒருவர் ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டி என்ற கார்டை 14,000-க்குத் தருவதாகச் சொன்னார். "ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குகிறேன்" என்று அவர் வீட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். இருபதாவது நிமிடத்தில் மெமரி வெப்பம் 104, திரையில் பச்சைப் புள்ளிகள். "புது டிரைவர் போட்டா சரியாயிடும் பாஸ்" என்றார். அவர் வீட்டில் கொடுத்த டீ நன்றாக இருந்தது. குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

2023-ல் பிராசசர். விண்டோஸ் 11 ஏற்கும் பிராசசர்களின் பட்டியலில் ரைசன் 1600 இல்லை, அதுவும் ஒரு சாக்கு. ரைசன் தயாரிக்கும் ஏஎம்டி, பிராசசர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட்டை இத்தனை வருடம் வைத்திருந்ததால் மதர்போர்டை மாற்றாமலே ரைசன் 5 5600 போட முடிந்தது. ஆனால் முதலில் பயாஸ் அப்டேட் செய்ய வேண்டும். நடுவில் கரண்ட் போனால் போர்டு செங்கல்தான். எங்கள் தெருவில் கரண்ட் எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே யுபிஎஸ்ஸை முழுக்க சார்ஜ் ஏற்றி, காலை ஐந்து மணிக்கு எழுந்து செய்தேன். நாலு நிமிட வேலை. அந்த நாலு நிமிடமும் அம்மாவை மிக்ஸி போட விடவில்லை. மிக்ஸிக்கும் பயாஸுக்கும் சம்பந்தமில்லை, பயம்தான்.

ஜிடிஏ-வில் அதே தெரு, அதே 1060, இப்போது 90-ஐத் தாண்டியது. புதிய கேம்களில் ஏஎம்டி-யின் எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷன் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி) கைகொடுத்தது. இதே வேலையைச் செய்யும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் ஆர்டிஎக்ஸ் கார்டு கேட்கும். எஃப்எஸ்ஆர் பழைய ஜிடிஎக்ஸிலும் ஓடும். படம் கொஞ்சம் கலங்கும், தூரத்து மரங்கள் நடுங்கும். எனக்குப் பழகிவிட்டது. என் தம்பி ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு வெட்டிச் செலவையும் சொல்லிவிடுகிறேன். பெரிய கார்டு வரப்போகிறது என்று 650 வாட் எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்குள் கரண்ட் பிரித்துத் தரும் பெட்டி) வாங்கினேன். எஸ்எம்பிஎஸ் வந்ததும் கரண்ட் போகும்போதெல்லாம் யுபிஎஸ்ஸோடு ஒத்துப்போகாமல் கம்ப்யூட்டரே அணைந்தது. நல்ல எஸ்எம்பிஎஸ்கள் சிலவற்றுக்கு விலை குறைந்த யுபிஎஸ் தரும் கரண்ட் பிடிக்காது. கடைசியில் யுபிஎஸ்ஸையும் மாற்றினேன்.

2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல். டிசம்பர் ஆரம்பத்தில் சாத்தனூர் அணையைத் திறந்ததும் தென்பெண்ணை கடலூருக்குள் வந்தது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். கேபினெட்டைப் பரணில் ஏற்றிவிட்டோம். தண்ணீர் வடிந்து இறக்கியபோது 1060-ன் ஒரு ஃபேன் சுற்றவில்லை. அதே மாதம் வந்த இண்டியானா ஜோன்ஸ் கேம் ரே டிரேசிங் (ஒளியை நிஜம்போலக் காட்டும் முறை) வசதி இல்லாத கார்டில் திறக்கவே திறக்காது என்றார்கள். ஐந்தரை வருடத்துக்கு மேல் உழைத்த கார்டு, போதும் என்று தோன்றியது.

ஆர்எக்ஸ் 6600 வாங்கினேன், 20,500 ரூபாய். 1060-க்குக் கொடுத்ததைவிடக் குறைவு. 132 வாட்தான், அந்த 650 வாட் எஸ்எம்பிஎஸ் தேவையே இல்லை. இது போர்டோடு எட்டு லேனில் (பாதையில்) மட்டும் பேசும் கார்டு, என் போர்டின் பிசிஐஇ 3.0 இணைப்போ பழைய தலைமுறை, ஆகவே கொஞ்சம் வேகம் இழக்கும் என்று பயந்தேன். நான் ஆடும் கேம்களில் வித்தியாசம் தெரியவில்லை. 8 ஜிபி மெமரிதான் சில புதிய கேம்களில் இடிக்கிறது, டெக்ஸ்ச்சரை ஒரு படி இறக்கி ஆடுகிறேன்.

1060-க்கு ஃபேன் மாற்றி அக்கா பையனுக்குக் கொடுத்தாயிற்று. 2025 அக்டோபரோடு அதற்குப் புதிய கேம் டிரைவர்கள் நின்றுவிட்டன, அவன் ஆடுவதற்கு அது போதும். இப்போது ஏறியிருப்பது ரேம் விலை. ஏஐ சர்வர்களுக்கே மெமரி போவதால் நான் வாங்கிய அதே ஜோடிக்குப் போன வாரம் சொன்ன விலையைக் கேட்டுக் கடையில் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். அக்கா பையன் 16 ஜிபி வேண்டும் என்று நச்சரிக்கிறான். 720பி-யில் ஓட்டிப் பார்த்து எஃப்பிஎஸ் எவ்வளவு என்று எழுதி அனுப்பு, அப்புறம் பேசலாம் என்றேன். இன்னும் அனுப்பவில்லை.