விகாருக்கு எந்தக் கூரை: குவிமாடமா, மோல்டா, ஓடா?

குடியாத்தம் பக்கம் எங்கள் ஊரில் புத்த விகார் கட்ட 3 சென்ட் இடம் கிடைத்திருக்கிறது. ஊர்ப் பேச்செல்லாம் இப்போது கூரையைப் பற்றித்தான்.

இளைஞர்கள் கேட்பது குவிமாடம். அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று பௌத்தம் ஏற்ற நாகபுரி தீட்சாபூமியில் இன்று நிற்கும் தூபி அவர்கள் மனதில் இருக்கிறது. தூரத்தில் வரும்போதே விகார் என்று தெரிய வேண்டும் என்கிறார்கள். நியாயமான ஆசை. ஆனால் போன பௌர்ணமிக்குக் குவிமாடம் போட்ட ஒரு விகாரில் உட்கார்ந்திருந்தேன். 'புத்தம் சரணம் கச்சாமி' சொல்லி முடித்ததும் அந்தச் சத்தம் வளைவில் மோதி நடுக்கூடத்தில் வந்து குவிந்தது. அடுத்த 'தம்மம்' அதில் கரைந்து போனது. பின்வரிசைப் பாட்டிகள் முன்னால் இருப்பவர் வாயைப் பார்த்துச் சொன்னார்கள். வளைவுக்குச் சென்டரிங் அடிக்கும் செலவு வேறு.

மோல்டு, அதாவது தட்டையான காங்கிரீட் கூரை, எல்லா மேஸ்திரிக்கும் பழக்கம், பிற்பாடு மாடியில் படிப்பகம் எழுப்பலாம். ஆனால் பகலெல்லாம் குடித்த வேலூர் வெயிலைக் காங்கிரீட் ராத்திரியில்தான் இறக்கும். நாங்கள் கூடுவதோ ஏழு மணிக்கு. வைகாசிப் பௌர்ணமியும் பெரும்பாலும் கத்திரியை ஒட்டியே வருகிறது.

என் ஓட்டு ஓட்டுக் கூரைக்கு. நீண்ட கூடம், பின்கோடி மட்டும் அரைவட்டம், அங்கே புத்தர், சுற்றி வர வழி. பழைய சைத்தியங்கள், அதாவது பௌத்த வழிபாட்டுக் கூடங்கள், பலவற்றின் அமைப்பு இது. தூங்கும் யானை போல இருப்பதால் தமிழில் தூங்கானை மாடம் என்றே பெயர் உண்டு. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதத்தைப் பின்னாலிருந்து பார்த்தால் யானை முதுகு அப்படியே தெரியும். அடையாளம் வேண்டும் என்பவர்களுக்கும் இதில் பதில் இருக்கிறது.

வளைவில் சீமை ஓடு உட்காராது என்றார் மேஸ்திரி. அரைவட்டத்தை ஐந்து பட்டையாக உடைத்தால் சட்டங்கள் நேராக ஓடும், மூலைகளில் மட்டும் ஓடுகளை அறுத்தால் போதும். 20க்கு 30 அடிக் கூடத்தில் எண்பது பேர் தரையில் உட்காரலாம். இரண்டு பக்கமும் ஐந்தடித் தாழ்வாரம் விட்டால், மற்ற நாளில் பிள்ளைகள் அங்கே டியூஷன் படிக்கலாம். குரங்கு ஓட்டைப் புரட்டும், உண்மைதான். வருசத்துக்கு ஒருமுறை ஆள் ஏற்றி மாற்ற வேண்டும்; அந்தப் பணத்தை இப்போதே ஒதுக்கிவிடலாம்.

அப்புறம், போதி மரமாக வைக்க நினைக்கும் அரசங்கன்று. சுவரோரம் வேண்டாம், வேர் அடித்தளத்தைப் பிளந்துவிடும். ஏரிக்கரையில் வைக்கலாம்.