டியேகோ கார்சியாவா, வெளித்தீவுகளா? சாகோஸ் மக்களை எங்கே குடியமர்த்துவது

இந்தியப் பெருங்கடலின் சாகோஸ் தீவுகளிலிருந்து 1968 முதல் 1973 வரை பிரிட்டன் வெளியேற்றிய மக்கள் திரும்புவதானால் இடம் இரண்டுதான்: அமெரிக்கத் தளம் இருக்கும் டியேகோ கார்சியா, அல்லது வடக்கே சுமார் 200 கிலோமீட்டர் தள்ளியுள்ள பெரோஸ் பன்யோஸ், சாலமன் தீவுக்கூட்டங்கள்.

வசதியில் போட்டியே இல்லை. முன்னதில் சுமார் 3,600 மீட்டர் ஓடுபாதை, கப்பல்துறை, மின்சாரம், வேலைக்கான வாய்ப்பு. பின்னதில் இடிந்த தோட்டக் கட்டடங்கள், காடாய் மண்டிய தென்னை, எலிகள்.

தண்ணீர் விஷயத்தை மட்டும் விரிவாகப் பார்க்க வேண்டும். பவளத்தீவில் மழைநீர் மண்ணுக்கடியில் உப்புநீரின்மேல் மிதக்கிறது. ஒரே கிணற்றில் வேகமாக இறைத்தால் அடியிலிருந்து உப்பு ஏறிவிடும். தீவு குறுகக் குறுக இந்த நன்னீர்ப் படலமும் மெலியும். ஆகவே சாலமனின் போடாம் தீவில் குடியேற்றம் என்றால் முதல் வேலை கூரைநீர்த் தொட்டி. 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால், சேதாரம் போக 800 லிட்டராவது தேறும். கிணறுகள் ஆழமில்லாமல், பலவாக, மெதுவாக இறைப்பவையாக இருக்கட்டும். கழிப்பறைக் குழி பக்கத்தில் வந்தால் கிணறு கெட்டது.

பிரிட்டிஷ் அரசுக்கான 2015 ஆய்வு, டியேகோ கார்சியாவில் 150 பேருக்கான முன்னோட்டக் குடியேற்றத்துக்குச் சுமார் 6.3 கோடி பவுண்டு மதிப்பிட்டது. ஆனால் சாகோஸ் தீவுகளின் இறையாண்மையை மொரீஷியஸுக்கு மாற்றுவதற்காகப் பிரிட்டனும் மொரீஷியஸும் 2025 மே மாதம் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மொரீஷியஸின் குடியமர்த்தலை மற்றத் தீவுகளுக்கே அனுமதிக்கிறது. டியேகோ கார்சியாவில் பிறந்தவர்களுக்கு இது அநியாயம். குறைந்தபட்சம், அவசர நோயாளிகளுக்காவது அந்த ஓடுபாதையைத் திறந்துவிடும் உறுதியை எழுத்தில் வாங்காமல் வெளித்தீவுகளில் ஒரு குடும்பத்தைக்கூட இறக்கக் கூடாது.