மாம்பலத்து மாடியில் பத்து ஞாயிறு: ஒரு செஸ் எண்ட்கேம் வகுப்பு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எண்ட்கேம், அதாவது காய்கள் குறைந்த பிறகு வருகிற கடைசிக் கட்ட ஆட்டம், சொல்லித்தருகிற இந்த வகுப்பின் பெயரைப் போடப்போவதில்லை. மேற்கு மாம்பலத்தில் ஒரு வீட்டின் முதல் மாடி, மொத்தமே எட்டு நாற்காலி, நடத்துகிற சாருக்கு விளம்பரம் பிடிக்காது. அந்தப் பக்கம் செஸ் ஆடுகிற யாரையாவது கேட்டால் மாடிப்படி வரை கொண்டுபோய் விடுவார்கள்.

நான் சேர்ந்ததற்குக் காரணம் பதினோரு வயதுப் பையன் ஒருவன். சென்னையில் ஞாயிற்றுக்கிழமை ராபிட் (குறைந்த நேரத்தில் ஆடுகிற) போட்டிகளுக்குப் போகிற நாற்பது வயதுக்காரர்களுக்கு இது புதுக் கதை இல்லை. அவனிடம் யானையும் ஒரு சிப்பாயும், என்னிடம் யானை மட்டும். என் ராஜா சிப்பாய்க்கு எதிரே ஒழுங்காகத்தான் நின்றுகொண்டிருந்தது. நான்தான் பதறிப்போய் செக் மேல் செக் கொடுத்து யானையைத் தப்பான இடத்துக்கு ஓட்டிக்கொண்டு போய்த் தோற்றேன். எழுந்திருக்கும்போது "அங்கிள், அது டிரா" என்று சொல்லிவிட்டு அவன் பாட்டுக்கு சமோசா வாங்கப் போய்விட்டான்.

இத்தனைக்கும் தினமும் தாம்பரம் ரயிலில் ஃபோனில் இருபது முப்பது புதிர் போடுகிறவன் நான். ராணியைப் பலி கொடுத்து மூன்று நகர்த்தலில் மேட் என்பதெல்லாம் கிண்டி வருவதற்குள் முடிந்துவிடும். ஆனால் அந்தப் புதிர்களில் ஒரு சலுகை இருக்கிறது. ‘இங்கே ஏதோ இருக்கிறது, தேடு’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். நிஜ ஆட்டத்தில் யார் வந்து தோளைத் தட்டப்போகிறார்கள்?

இந்த வகுப்பின் சாமர்த்தியம் அந்தச் சலுகையைப் பறித்ததுதான். வாரத்துக்குப் பன்னிரண்டு பொசிஷன், எல்லாமே பெரிய ஆட்டக்காரர்கள் நிஜமாக ஆடியவை, ஜெராக்ஸ் தாளில். யார் ஆடியது என்று இருக்காது, ஜெயிக்கிற பொசிஷனா, தப்பிக்கிற பொசிஷனா என்றும் இருக்காது. ஃபோன் வாசலில் ஒரு எவர்சில்வர் டப்பாவுக்குள். நகர்த்தலை எழுதுவதற்கு முன்னால் எதிராளிக்கு என்ன வேண்டும், என் காய்களில் எது சும்மா நிற்கிறது, எதைக் கொடுத்து எதை வாங்கலாம் என்று மூன்று வரி நோட்டில் எழுத வேண்டும். நகர்த்தல் சரியாக இருந்து காரணம் தப்பாக இருந்தால் பூஜ்யம். முதல் இரண்டு வாரம் இது எனக்குப் பயங்கர எரிச்சலாக இருந்தது.

மூன்றாவது வாரம் அந்தக் கால உலக சாம்பியன் காபாபிளாங்கா வந்தார். 1924 நியூயார்க் போட்டியில் டார்டகோவரோடு ஆடிய யானை எண்ட்கேம். வெள்ளையின் யானை ஏழாவது வரிசையில் ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது, ஆனால் கறுப்பு யானை சி3 கட்டத்துச் சிப்பாயை வெட்டப் பார்க்கிறது. எட்டுப் பேரில் ஆறு பேர், நானும்தான், யானையைப் பின்னால் இழுத்து சிப்பாயைக் காப்பாற்றினோம். காபாபிளாங்கா ராஜாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஒரு சிப்பாய் செக்கோடு போனது, இன்னொன்றும் செக்கோடு போனது, அவர் நிற்கவில்லை. ராஜா எஃப்6-க்குப் போய்விட்டது. வழியில் எஃப்5-இல் நின்ற கறுப்புச் சிப்பாயை வெட்டலாம், வெட்டவில்லை, ஏனென்றால் கீழேயிருந்து வருகிற செக்கை மறைக்கும் குடை அதுதான். எதிராளியின் சிப்பாயையே குடையாகப் பிடிக்கிற புத்தி எனக்கு ஏழு ஜென்மத்துக்கும் வராது என்று நினைத்தேன். அப்புறம் நான்கு வாரம் கழித்து என் சொந்த ஆட்டம் ஒன்றில், பாதி அளவுக்காவது, வந்தது.

பையனிடம் தோற்ற பொசிஷனும் வந்தது. பிலிடார் என்று அதற்குப் பெயரே இருக்கிறதாம். யானையை நம் பக்கத்திலிருந்து எண்ணினால் மூன்றாவது வரிசையில் வைத்துக்கொண்டு, அவன் சிப்பாயை அந்த வரிசைக்குத் தள்ளுகிற வரைக்கும் பேசாமல் இருக்க வேண்டும். தள்ளினதும் யானையைக் கடைசி வரைக்கும் எதிர்ப்பக்கம் கொண்டுபோய் பின்னாலிருந்து செக். சிப்பாய் முன்னேறிவிட்டதால் அவன் ராஜாவுக்கு ஒதுங்க இடம் கிடையாது. இவ்வளவுதான்.

குகேஷ் ஆட்டம் இல்லாமல் சென்னையில் செஸ் வகுப்பு நடத்த முடியுமா? 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், உலக சாம்பியன்ஷிப்பின் 14-ஆவது ஆட்டம். டிங் லிரென் 55-ஆவது நகர்த்தலில் யானையை எஃப்2-இல் வைக்கிறார், குகேஷ் யானைகளை மாற்றிவிட்டு பிஷப்பை டி5-க்குக் கொண்டுவருகிறார், ஏ8 மூலையில் மாட்டிய டிங்கின் பிஷப்புக்குத் தப்ப வழியில்லை. எங்கள் எட்டு பேருக்கும் விடை மனப்பாடம். சார் சிரித்துக்கொண்டே, "சரி, பிஷப்பும் மாறிடுச்சு, மிச்சம் சிப்பாய்தான். அது ஜெயிக்கும்னு யார் சொன்னா? ஆடிக் காட்டுங்க" என்றார். இரண்டு பேர் டிராவில் விட்டார்கள். ஒரு சிப்பாய் கூடுதல் என்பது தானாக ஜெயித்துவிடாது என்று அன்றைக்குத்தான் உறைத்தது. 2013 உலக சாம்பியன்ஷிப்பில் நம் ஊரிலேயே ஆனந்த், கார்ல்சனிடம் ஐந்தாவது, ஆறாவது ஆட்டங்களை யானை எண்ட்கேமில் விட்டது வந்த வாரம் அறையில் யாரும் பேசவில்லை. அந்த வடு இன்னும் ஆறவில்லை போல.

கடைசி நான்கு வாரம் ஸ்ட்ராடஜி, அதாவது நீண்ட காலத் திட்டம். இங்கே எனக்குக் கொஞ்சம் மனக்குறை. பெட்ரோசியன் 1953-இல் சூரிச்சில் ரெஷெவ்ஸ்கிக்கு எதிராக யானையை இ6-இல், வெள்ளை பிஷப் வெட்டுகிற இடத்திலேயே கொண்டுபோய் வைத்தது பிரமாதமான தேர்வு. யானை இ7-ஐ விட்டு நகர்ந்தால் குதிரை அந்த வழியாக டி5-க்கு வரும், அங்கே வந்துவிட்டால் அதை அசைக்க ஆளில்லை. ஆட்டம் டிராதான். டிராவில் முடிந்த ஒரு நகர்த்தலைப் புதிராகக் கொடுக்கிற தைரியம் என் ஃபோனுக்குக் கிடையாது. ஆனால் மற்ற ஸ்ட்ராடஜி பொசிஷன்களில் பாதி அவசரத்தில் ஓடிப்போனது. வேறு வேறு நிறக் கட்டங்களில் ஓடுகிற பிஷப்களுக்கு ஒரே வாரம், ராணி எண்ட்கேம் ஒன்றுகூட இல்லை.

குறைகள் இன்னும் உண்டு. ஜெராக்ஸ் மங்கல், கறுப்புக் கட்டத்தில் நிற்பது பிஷப்பா சிப்பாயா என்று வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஒரு தாளில் சிப்பாய் ஒன்று விட்டுப்போய், இல்லாத விடையை இருபது நிமிடம் தேடினோம். 6,000 ரூபாயை மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டும், ஒரு வாரம் தவறினால் தவறியதுதான். மழையால் ஒரு ஞாயிறு வகுப்பு ஆன்லைனுக்குப் போனது, அன்றைக்கு எவர்சில்வர் டப்பா இல்லாததால் எல்லோருக்கும் விடை சீக்கிரமே கிடைத்தது, அதிசயம்தான்.

ரேட்டிங் எகிறியதா என்று கேட்காதீர்கள். தோற்க வேண்டிய யானை எண்ட்கேம் இரண்டை டிரா செய்திருக்கிறேன், ஜெயிக்க வேண்டிய ஒன்றைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஓப்பனிங் மனப்பாடம் செய்து தரச்சொல்கிற பெற்றோர், குழந்தைகளை இங்கே அனுப்ப வேண்டாம், இரண்டாவது வாரமே சண்டை வரும். என்னைப் போல ஜெயித்த ஆட்டத்தை விடுகிற ஆட்களுக்கு ஏற்ற இடம். போகும்போது பென்சிலும் நல்ல கண்ணாடியும் எடுத்துப்போங்கள். அடுத்த பேட்சுக்கு நான் சொல்லி வைத்தாகிவிட்டது, பாக்கி ஏழு நாற்காலி.